எச்சில் இலையை எண்ணுகிறவர்கள்

ஆட்டோஃபேஜி பற்றித் தமிழில் இணையத்தில் கிடைக்கிற கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு மேல் படித்தபிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லாமே ஒரே கட்டுரை. முதல் பத்தியில் 2016 நோபல் பரிசு. இரண்டாவதில் யோஷினோரி ஓசுமி என்ற ஜப்பானியர். மூன்றாவதில் ஏகாதசி, கிருத்திகை, ‘நம்ம முன்னோர்கள் சும்மாவா சொன்னாங்க’. நான்காவது பத்தி முடிவதற்குள் பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் மூளையில் இருக்கும் குப்பையெல்லாம் சுத்தமாகி, மறதி நோய் வராது என்று சுபம் போட்டுவிடுகிறார்கள்.

விரதம் இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த எழுத்தின் மேல்தான் புகார். ஒரு துப்பறியும் கதையில் துப்பறிகிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, பிணத்தையும் கொலைகாரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? இந்தக் கட்டுரைகள் அப்படித்தான் இருக்கின்றன. ‘மூளை செல்கள் தம்மைச் சுத்தம் செய்துகொள்கின்றன’ என்று ஒரு வாக்கியம். சரி, யார் பார்த்தார்கள்? எந்த மூளையில்? எப்படி? உயிரோடு இருக்கிற ஒரு பிராணியின் மண்டைக்குள், ஒரு நியூரானுக்குள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் ஒரு பை உருவாகிக் கரைந்துபோவதை எப்படி அளந்தார்கள்? என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் உண்மையான கதையே அதுதான். அதை விட்டுவிட்டு எழுதுவது, பாரதத்தில் போரை விட்டுவிட்டுப் பட்டாபிஷேகத்தை மட்டும் எழுதுவது மாதிரி.

முதலில் சொல். 1963இல் கிறிஸ்டியன் டி டூவ் என்ற பெல்ஜியக்காரர் கிரேக்க வேர்களை ஒட்டவைத்து உண்டாக்கிய சொல் இது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் அவரே. செல்லுக்குள் இருக்கும் அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த பை அது. தமிழில் ‘தன்னைத்தானே தின்னுதல்’ என்கிறார்கள். கேட்டதும் கொஞ்சம் பேய்க்கதை வாடை அடிக்கிறது. அதனால் உடனே அடுத்த உருவகத்துக்குத் தாவிவிடுகிறார்கள்: குப்பை வண்டி. இரண்டுமே ஒரு விதத்தில் ஏமாற்றுகின்றன. ‘தின்னுதல்’ என்றால் அது ஒரு செயல், ஒரு கணத்தில் நடப்பது என்று தோன்றுகிறது. நடப்பதோ பல கட்டங்கள் கொண்ட ஒரு ஓட்டம். செல்லுக்குள் ஒரு சவ்வு வளைந்து, பழைய புரதங்களையோ பழுதான மைட்டோகாண்ட்ரியாவையோ சுற்றி மூடிப் பையாகிறது. அந்தப் பை போய் லைசோசோமோடு சேர்கிறது. உள்ளே இருப்பது கரைகிறது. கரைந்த துண்டுகள் மறுபடி செல்லுக்குப் பயன்படுகின்றன. இதில் எந்த இடத்தில் நின்று எண்ணுவது என்பதுதான் சிக்கல்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் எச்சில் இலை குவிந்து கிடக்கிறது. உங்களிடம் அந்தக் குவியலின் ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதை வைத்து எத்தனை பந்தி நடந்தது என்று சொல்ல முடியுமா? குவியல் பெரிதாக இருந்தால் நிறையப் பேர் சாப்பிட்டிருக்கலாம். அல்லது இலை அள்ளுகிற ஆள் வரவே இல்லாமலிருக்கலாம். குவியலே இல்லையென்றால் பந்தி இன்னும் தொடங்கவில்லை என்றும் சொல்லலாம், அள்ளுகிறவர் படு சுறுசுறுப்பு என்றும் சொல்லலாம். ஒரே படம், நேர் எதிரான இரண்டு கதைகள்.

ஓசுமியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஈஸ்ட் செல்லில் லைசோசோமுக்குப் பதிலாக ஒரு பெரிய பை உண்டு. சாதாரண ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே வந்ததெல்லாம் உடனே கரைந்துவிடும். அவர், அந்தப் பையின் செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகைகளை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் பை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன, சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிகிற அளவுக்கு. இலை அள்ளுகிறவரை நிறுத்திவிட்டு எண்ணினார், அவ்வளவுதான். அது கட்டுரையாக வந்தது 1992இல். அடுத்த ஆண்டே இந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களைத் தொட்ட இரண்டாவது கட்டுரை. நோபல் பரிசு இந்த இயங்குமுறைக்கு. விரதத்துக்கு இல்லை. ஈஸ்ட் எந்தத் திதியில் பட்டினி கிடந்தது என்று யாரும் குறிக்கவும் இல்லை.

ஈஸ்ட்டில் முடிந்தது மூளையில் முடியுமா? இங்கே இரண்டு கட்டுரைகளை எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும்.

2004இல் நொபோரு மிசுஷிமாவும் அவரது சகாக்களும் ஒரு சுண்டெலியை உருவாக்கினார்கள். எல்சி3 என்ற புரதம், உருவாகிவரும் பையின் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதமான ஜிஎஃப்பியைக் கட்டிவிட்டார்கள். பை உருவானால் பச்சைப் புள்ளி தெரியும். எலிகளைப் பட்டினி போட்டு ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தார்கள். தசை, கல்லீரல், இதயம் என்று பல இடங்களில் புள்ளிகள் கூடின. மூளையில் மட்டும் 48 மணி நேரம் கழித்தும் ஒன்றும் கூடவில்லை. உடம்பு தன் மற்ற உறுப்புகளைக் கரைத்தாவது மூளைக்குச் சாப்பாடு அனுப்பிவிடும். ஆகவே மூளைக்குப் பட்டினி என்பதே தெரியாது என்று இதை விளக்கினார்கள். எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். நம் வீடுகளில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற ஆள் இருப்பதுபோல, மிச்சம் எதையும் கேட்காமல் முதலில் சாப்பிடுகிற ஆளும் உண்டு, இல்லையா. மூளை அந்த இரண்டாவது ஆள்.

2010இல் அலிரெசாய் குழுவின் கட்டுரை வந்தது. அதே வகைப் பச்சை எலி. 24, 48 மணி நேரப் பட்டினி. இவர்கள் பெருமூளைப் புறணியிலும், சிறுமூளையின் பர்க்கின்ஜி செல்களிலும் நெருங்கிப் பார்த்து, பைகள் தெளிவாகக் கூடியிருக்கின்றன என்றார்கள். கூடவே, வளர்ச்சியைத் தூண்டும் எம்டோர் என்ற புரதத்தின் செயல்பாடு நியூரானில் குறைந்திருப்பதையும் காட்டினார்கள். எம்டோர் தணிந்தால் ஆட்டோஃபேஜி தூண்டப்படும் என்பது வேறு பல செல்களில் நன்கு தெரிந்த விஷயம். ஆக, இது வெறும் புள்ளிக் கணக்கு இல்லை. ஒரு துணைச்சாட்சியும் இருக்கிறது.

நம் விரதக் கட்டுரைகளில் சில இந்த 2010 கட்டுரையை மங்கலாகவாவது தொடுகின்றன (‘அமெரிக்க விஞ்ஞானிகள்’ என்று). 2004 கட்டுரையை ஒன்றுகூடத் தொடவில்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ‘ஆம்’ சொன்ன சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றுவது இந்த வகை எழுத்தின் இலக்கணம்.

சரி, இரண்டில் எது சரி? நான் படித்த அளவில் இரண்டுமே தாங்கள் பார்த்ததைச் சொல்கின்றன. தகராறு வேறிடத்தில். 2004இல் புள்ளி கூடவில்லை என்றால் ஓட்டம் கூடவில்லை என்று அர்த்தமா, அல்லது நியூரான் பைகளை வந்த வேகத்திலேயே கரைத்துவிடுகிறதா? 2010இல் புள்ளி கூடியிருக்கிறது என்றால் பந்தி கூடியதா, அள்ளுகிறவர் அசந்துவிட்டாரா? எம்டோர் சாட்சி முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்பதற்கான சாட்சிதான். இலை எடுத்தார்கள் என்பதற்கான சாட்சி இல்லை. இதோடு இன்னொன்று: இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிற, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே ஓயாமல் கொறிக்க வேண்டிய ஒரு பிராணிக்கு 48 மணி நேரப் பட்டினி என்பது மரணத்தின் வாசல்வரை போய்வருவது. அதை ராத்திரி டிஃபனைத் தவிர்க்கிற மனிதரோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கு?

இது எனக்கு வெறும் வாசிப்புப் பிரச்சினையாக இல்லை. எங்கள் குடும்பத்தில் பெரியப்பா ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். வாட்ஸப்பில் வந்த ஒரு கட்டுரையை யாரோ அச்செடுத்துக் கொடுக்க, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஏற்கெனவே மெலிந்த மனுஷன். கேட்டால், “நோபல் பிரைஸ் வாங்கினவன் சொல்றான்டா, நீ என்ன புதுசா” என்பார். சில மாதத்தில் சட்டை தோளில் நிற்கவில்லை. மருத்துவர் எடை பார்க்கிற இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அவர் இப்போது சாப்பிடுகிறார், அரைமனதாக. அந்த அச்செடுத்த தாள் இன்னும் அவர் மருந்துப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உயிரோடிருக்கிற ஒரு மனிதரின் மூளை நியூரானில் இந்த ஓட்டம் எவ்வளவு என்று அளக்க இன்றைக்கு எந்த வழியும் கிடையாது. பதினாறு மணி நேரம் என்ற எண் அவருடைய மூளையைப் பார்த்து எழுதப்பட்டது இல்லை, யாருடைய மூளையைப் பார்த்தும் எழுதப்பட்டது இல்லை.

இதனால் நியூரானுக்கு ஆட்டோஃபேஜி முக்கியமில்லை என்று ஆகிவிடாது. அதற்கு அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. 2006இல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள்: ஒன்றில் மூளையில் மட்டும் ஏடிஜி5 மரபணுவை நீக்கிய எலி, மற்றதில் ஏடிஜி7 நீக்கிய எலி. பட்டினி எதுவும் போடவில்லை. எந்த நோய்ப் புரதத்தையும் திணிக்கவில்லை. ஆனாலும் நியூரான்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன, எலிகள் நடை தடுமாறின, நியூரான்கள் செத்தன. ஏடிஜி7 இல்லாத எலிகள் 28 வாரங்களுக்குள் இறந்துபோயின. தினப்படி நடக்கிற, யாரும் தூண்டாத சுத்தம்தான் நியூரானை உயிரோடு வைத்திருக்கிறது என்று இந்தக் கட்டுரைகள் காட்டின. தோல் செல் மாதிரி நியூரான் பிரிந்து பெருகித் தன் அழுக்கைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பெரும்பாலான நியூரான்கள் நம்மோடு பிறந்து நம்மோடு போகிறவை. விரதத்தை நம்பி இல்லாத இந்தச் சாதாரணச் சுத்தத்தைப் பற்றித் தமிழில் யாரும் உருகி எழுதுவதில்லை. அதில் சாகசம் இல்லை பாருங்கள்.

நியூரானில் அளப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு அதன் உடல்வாகும் ஒரு காரணம். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை போகிற ஒரே செல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். 2012இல் ஹோல்ஸ்பாவர் ஆய்வகத்தில், தட்டில் வளர்த்த நியூரான்களில் பார்த்தார்கள்: பைகள் இழையின் கடைக்கோடியில் உருவாகி, வழியெல்லாம் முற்றிக்கொண்டே செல்லின் உடலை நோக்கிப் பயணம் செய்கின்றன. பந்தி ஒரு ஊரில், இலை அள்ளுவது இன்னொரு ஊரில், நடுவில் ஒற்றையடிப் பாதை. பாதை அடைத்துக்கொண்டாலும் குவியும்.

இதை வைத்து அல்சைமர் நோய்ப் படங்களைத் திரும்பப் பார்க்கலாம். 2005இல் ரால்ஃப் நிக்ஸன் குழு, நோயாளிகளின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வீங்கிய நரம்பிழைகளுக்குள் இந்தப் பைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆட்டோஃபேஜி மிதமிஞ்சி நடக்கிறது என்றும் படிக்கலாம். 2008இல் அதே ஆய்வகம் தட்டில் வளர்த்த நியூரான்களில் ஒரு சோதனை செய்தது. ஆட்டோஃபேஜியைத் தூண்டிப் பார்த்தார்கள்: பைகள் பெரிதாகச் சேரவில்லை, வந்தவை சட்டென்று கரைந்தன. லைசோசோமின் செரிமானத்தைத் தடுத்துப் பார்த்தார்கள்: மளமளவென்று குவிந்தன, பார்ப்பதற்கு அல்சைமர் மூளைப் படம் மாதிரியே. ஆக நோயாளியின் மூளையில் தெரிந்த குவியல், அதிகம் உண்டதால் வந்ததைவிட, அள்ளுகிறவர் வராததால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் ‘ஆட்டோஃபேஜியைத் தூண்டு’ என்கிற எல்லா அறிவுரையையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடைத்த சாக்கடையில் இன்னும் தண்ணீர் விடச் சொல்கிறோமா?

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரட்டை வண்ண உத்தி வந்தது. எல்சி3இல் பச்சையோடு ஒரு சிவப்பு ஒளிர்புரதத்தையும் கட்டுவது. பச்சை அமிலத்தைத் தாங்காது, அணைந்துவிடும், சிவப்பு தாங்கும். பை இன்னும் லைசோசோமைச் சேரவில்லையென்றால் இரண்டும் கலந்து மஞ்சளாகத் தெரியும். சேர்ந்து, உள்ளே நன்றாகப் புளித்துவிட்டால் சிவப்பு மட்டும். 2007இல் யோஷிமோரி குழு தட்டில் உள்ள செல்களில் இதைச் செய்தது. நிக்ஸன் ஆய்வகம் நியூரான்களில் மட்டும் இந்த இரட்டைப் புரதம் உண்டாகிற எலிகளை வளர்த்தது. கூடவே லைசோசோமின் நொதியைக் காட்டுகிற மூன்றாவது சாயமும் சேர்த்தார்கள். லைசோசோமோடு சேர்ந்துவிட்டது, ஆனால் புளிக்கவில்லை என்ற நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டத்தான் இது. ஒரு படத்துக்கு மூன்று சாட்சி.

2022இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வந்த அவர்களது கட்டுரை, இந்தத் துறையில் நான் படித்தவற்றில் கதை சொல்லும் அழகு மிகுந்தது. ஐந்து வகை அல்சைமர் எலிகள். செல்லுக்கு வெளியே அமிலாய்டு படிவுகள் தோன்றுவதற்கு வெகு முன்பே, நியூரானுக்குள் லைசோசோம்கள் புளிப்பை இழக்கின்றன. கரையாத பைகள் பெருத்து, செல்லின் மையத்தைச் சுற்றி இதழ் இதழாகப் புடைத்துக்கொண்டு வருகின்றன. பார்ப்பதற்குப் பூ. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பான்தோஸ்: விஷமும் பூவும் சேர்ந்த சொல். வெளியே கிடக்கும் படிவுகள் இப்படிச் செத்த நியூரான்களின் மிச்சம் என்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே என்று பல காலம் சொல்லப்பட்ட கதையை உள்ளிருந்து வெளியே என்று திருப்பிப்போடுகிற கட்டுரை.

ஆனால் பெயர் இவ்வளவு அழகாக இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் உஷாராகத் தோன்றுகிறது. ஒரு தடவை பூ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் படத்தில் பூவைத் தவிர வேறெதுவும் தெரியாது. மனித நோயாளிகளின் மூளையிலும் இதே அமைப்பைக் காட்டியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் எது முன், எது பின் என்ற காலவரிசை எலியில்தான் பார்க்கப்பட்டது, அதுவும் நோயை வலிந்து உண்டாக்கிய எலிகளில். அப்புறம் நிறம். பச்சை அணைந்திருப்பது அமிலத்தால். திசுவைப் பதப்படுத்தும்போது அந்த அமிலம் நீர்த்துவிட்டால் அணைந்த பச்சை மறுபடி எரியக்கூடும்; இரட்டை வண்ணப் படம் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்களுக்கும் இது தெரியும், மூன்றாவது சாயம் வைத்திருக்கிறார்கள். ‘பூ’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குத் தெரியுமா?

பதப்படுத்திய திசு என்றேன். ‘உயிருள்ள விலங்கில் அளந்தோம்’ என்ற வாக்கியத்தின் உள்ளே இது ஒளிந்திருக்கிறது. எலி உயிரோடிருந்தபோது பட்டினி கிடந்தது, நோயுற்றது, எல்லாம் உண்மை. பார்க்கப்பட்டது அதன் செத்த மூளையின் மெல்லிய சீவல். ஒரு எலி, ஒரு கணம், ஒரு படம். பத்து வயதுகளில் பத்து எலிகளைக் கொன்று, படங்களை வரிசையாக வைத்து அதை ஓட்டம் என்று படிக்கிறோம். சினிமாவே அப்படித்தானே என்பீர்கள். சினிமாவில் எல்லாச் சட்டகத்திலும் ஒரே ஆள் வருவார்.

இந்த வாசிப்புச் சிக்கல்களை எல்லாம் தொகுத்து ஒரு விநோதமான நூல் இருக்கிறது. டேனியல் கிளியோன்ஸ்கி முதல் பெயராக நின்று, ஆட்டோஃபேஜியை அளப்பதற்கும் பொருள் கொள்வதற்குமான வழிகாட்டிக் குறிப்புகள் என்று ‘ஆட்டோஃபேஜி’ இதழில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகிறது. 2008இல் 25 பக்கம். 2012இல் 100. 2016இல் 222. 2021இல் 382. ஆசிரியர் எண்ணிக்கை ஆயிரங்களில். நம் ஊரில் சூத்திரம் ஒன்றரை வரி, உரை ஒன்றரைப் பக்கம் என்று வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இதன் சூத்திரம் ஒன்றே ஒன்று: பைகளின் எண்ணிக்கை வேறு, ஓட்டம் வேறு. மற்றதெல்லாம் அதற்கு உரை, மறுப்புரை, விதிவிலக்கு. வாசிக்கச் சுவையான நூல் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துறை தன் சாட்சிகளைத் தானே இவ்வளவு குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்க ஒரு மரியாதை வருகிறது. தமிழில் விரதக் கட்டுரை எழுத உட்காருகிறவர் இதில் இருபது பக்கம் புரட்டினாலே பேனா தயங்கும்.

செத்த சீவலை விட்டு உண்மையிலேயே உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் புழுவிடம் போக வேண்டும். சீ. எலெகன்ஸ்: ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு, 302 நியூரான்கள். தோலுக்கு வெளியிலிருந்தே புள்ளியைப் பார்க்கலாம். 2017இல் மாலின் ஹான்சன் குழு, புழு கிழடாக ஆக அதன் குடல், தசை, தொண்டை, நியூரான்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தது. வயது ஏற ஏறப் புள்ளிகள் கூடின. இங்கே நிறுத்தியிருந்தால், முதுமையில் சுத்தம் கூடுகிறது என்று ஒரு தலைப்பு கிடைத்திருக்கும். அவர்கள் லைசோசோமின் அமிலத்தைத் தடுக்கிற மருந்தைப் புழுவுக்குள் ஊசியாகச் செலுத்தி, தடுத்த புழுவையும் தடுக்காத புழுவையும் ஒப்பிட்டார்கள். இளம் புழுவில் தடுத்ததும் குவிந்தது. கிழட்டுப் புழுவில் தடுத்தும் பெரிதாகக் குவியவில்லை. ஏற்கெனவே ஓட்டம் நின்றுபோயிருந்தது. அதே புள்ளி, தலைகீழ் முடிவு. ஓசுமி ஈஸ்ட்டில் செய்ததை ஒரு ஊசியளவு உயிருக்குள் செய்து காட்டிய வேலை இது. இதற்கு யாரும் தமிழில் ஒரு பத்திகூட எழுதவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

அந்தப் புழுவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே புழுவின் ஒரே நியூரானை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அது நெளியக் கூடாது. மயக்கமருந்து கொடுத்தோ, கூழ்த் திண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தோ அசையாமல் பிடித்துவைக்கிறார்கள். அப்படிப் பிடித்துவைத்த புழு பாக்டீரியாவைத் தேடிப் போய்த் தின்ன முடியாது. நேரம் ஆக ஆக அதற்குப் பசிக்கத் தொடங்குகிறது, நுண்ணோக்கியின் கீழேயே.